தூதரைக் காக்க வைத்த பம்பு

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சௌக்கியம். உன் முட்டிவலி தேவலையா?

நம் நாடு இந்த நாட்டுக்குக் கட்டிக்கொடுத்த குடிநீர் நிலையத்துக்கு நேற்று திறப்பு விழா. நம் தூதரும் இவர்கள் அமைச்சரும் பொத்தானை அழுத்தப் போனார்கள். மேடை அலங்கரித்த அவசரத்தில் பம்புக்குள் யாரும் தண்ணீர் நிரப்பவில்லை. வெறுமனே ஓடினால் கருகிவிடும். பம்பு மெக்கானிக் நான், சும்மா இருக்க முடியுமா? “கையை எடுங்க சார்” என்று கத்திவிட்டேன்.

“ஏம்பா, ஷாக் அடிக்குமா?” என்றார் தூதர்.

“உங்களுக்கு ஒண்ணும் ஆகாது சார். பம்புதான் போயிடும்.”

இருவரும் காத்திருந்தார்கள். நிரப்பினேன், ஓடியது.

வேலை போச்சென்று பெட்டி கட்டினேன். அமைச்சரோ, இன்னும் ஒரு வருஷம் இவன் இங்கேயே இருக்கட்டுமென்று தூதரிடம் கேட்டு வாங்கிவிட்டார். அக்கா கல்யாணத்துக்கு வர முடியாது. நீயே பக்குவமாகச் சொல்லிவிடு.

கல்யாண வீட்டுச் சத்தத்தைப் போனில் பதிவு செய்து அனுப்பு. நீ அப்பாவைத் திட்டுவதும் அதில் இருக்கட்டும்.

நிலையத்துக்குப் போக வண்டி வந்துவிட்டது.

உன் மகன்