விருந்தினர் இல்லத்துப் பிள்ளைகள்

மதுரை,
ஜனவரி 2021

அன்புள்ள உங்களுக்கு,

ஹம்சவேணி எழுதுகிறேன். அத்தை சுகமாக இருக்கிறார்கள். உங்கள் தங்கை ஸ்வர்ணா வீட்டில்தான் இன்னும் இருக்கிறார்கள். நானும் சுகம், இதை முதலில் நம்புங்கள். போனில் பேசினால் பாதியிலேயே இருவருக்கும் குரல் ஏறிவிடுகிறது. நம் சௌராஷ்டிர பாஷை எனக்குப் பேசத்தான் வரும், எழுத வராது. அதனால் தமிழில் எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

வார்டன் பொறுப்பை விட்டுவிட்டு வீட்டுக்குப் போ என்றீர்கள். நடந்தது முழுவதும் தெரிந்தால் அப்படிச் சொல்லமாட்டீர்கள்.

கொரோனா ஊரடங்கு தளர்ந்து பல்கலைக்கழகம் திறந்ததும் இறுதியாண்டு மாணவிகளை மட்டும்தான் விடுதிக்கு வரவழைத்தோம். அறைக்கு ஒருத்தி. மெஸ்ஸில் மூன்று பந்தி. வாசலில் காய்ச்சல் பார்த்துத்தான் உள்ளே விட்டோம். எல்லாம் சரியாக நடப்பதாகவே நினைத்தேன். ஒருநாள் மதியம் சாம்பார் அடிப்பிடித்துவிட்டது. வாயில் வைக்க முடியவில்லை. பிள்ளைகள் தட்டைத் தள்ளிவிட்டுச் சமையல்காரரோடு சண்டைக்குப் போய்விட்டார்கள். பேரையூரிலிருந்து வந்த பாண்டிமீனா மட்டும் நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கிட்டே போய், தீய்ஞ்ச வாடை தெரியலையாம்மா என்று கேட்டேன். "என்ன வாடை மேடம்?" என்றாள். அப்போதே அவளைப் பரிசோதனைக்கு அழைத்துப் போனேன்.

காய்ச்சலும் இல்லை, இருமலும் இல்லை. ஆனால் பரிசோதனையில் தொற்று என்று வந்துவிட்டது. அவள் தங்கியிருந்த மாடியில் எல்லோரையும் பரிசோதித்தோம். இன்னும் ஆறு பேருக்கு இருந்தது.

பதிவாளர் அவசரக் கூட்டம் போட்டார். பாவம், அவரும் பயந்துபோயிருந்தார். சாயங்காலத்துக்குள் விடுதியைக் காலி செய்து எல்லோரையும் ஊருக்கு அனுப்பிவிடலாம் என்றார். நான்தான் எழுந்தேன். "சார், இவங்க எல்லாரும் காளவாசல் ஸ்டாப்புல நெருக்கியடிச்சு பஸ் ஏறித்தான் போகணும். வீட்டுல ஒரே ரூம்ல அஞ்சாறு பேர் படுக்கிறவங்க. நோயை நாமளே டிக்கெட் எடுத்து ஊர் ஊரா அனுப்பணுமா?" என்றேன். விருந்தினர் இல்லத்தைத் தொற்று வந்தவர்களுக்கு ஒதுக்கலாம், மற்றவர்கள் அறையிலிருந்தே போனில் பாடம் கேட்கட்டும், நல்லபடியாக இருப்பவர்களையும் மறுபடி பரிசோதிக்கலாம் என்றேன். "ஒரு பிள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரும்மா பதில் சொல்றது?" என்று கேட்டார். "நானும் உள்ளேயே இருக்கேன் சார். நான் சொல்றேன்" என்றேன். கடைசியில் சரி என்றார்.

உங்களைக் கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பீர்கள். அதனால்தான் கேட்கவில்லை.

மறுநாளே பாண்டிமீனாவின் அப்பா கருத்தக்கண்ணன் வாடகைக் கார் பிடித்து வந்துவிட்டார். கேட்டைப் பிடித்துக்கொண்டு, "எம் மகள எதுக்கு அடைச்சு வச்சிருக்கீக? நோவு வந்த பிள்ளைக்குப் பெத்தவ கையால ஒருவாய் கஞ்சி வேணாமா?" என்று சத்தம் போட்டார். நான் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. சத்தம் கேட்டு அவளே விருந்தினர் இல்லத்து மேல்மாடி ஜன்னலுக்கு வந்துவிட்டாள். அங்கிருந்து கத்தினாள்: "அப்பா, நா வரல. அக்கா பச்சப்பிள்ளையோட வீட்டுல கெடக்கா. அதுக்கு ஒண்ணுன்னா நா உசுரோட இருப்பேனா? நீங்க போங்கப்பா!" மூத்தவள் பிரசவத்துக்கு வந்து, பிள்ளை பெற்று, இன்னும் அங்கேதான் இருக்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். அந்த மனிதர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து, "அம்மா, அவளுக்குப் பால் ஊத்துன காப்பிதான் இறங்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

நான் பயந்தது ஒரே ஒருமுறை. ஒரு மத்தியானம் அவளுக்கு மூச்சு வாங்கியது. விரலில் கருவியை மாட்டினால் ஆக்சிஜன் குறைந்துகொண்டே போகிறது. ஆம்புலன்சில் நானே ஏறிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். வழியெல்லாம் அவள் என் கையை விடவே இல்லை. கையுறைக்குள் எனக்கு வியர்த்துக் கொட்டியது. அவள் அப்பாவிடம் என்ன சொல்வது என்றுதான் மனசு ஓடிக்கொண்டிருந்தது. டாக்டர்கள் நன்றாகப் பார்த்துக்கொண்டார்கள். ஒரு வாரத்தில் தன் காலாலேயே நடந்து வெளியே வந்துவிட்டாள். இப்போது காப்பியில் சர்க்கரை கம்மி என்று குறை சொல்கிறாள். நாக்குக்கு ருசி திரும்பிவிட்டது என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

மற்ற ஆறு பேரும் தேறிவிட்டார்கள். அதற்குப் பிறகு விடுதியில் புதிதாக ஒருவருக்கும் வரவில்லை. ஒரு பிள்ளையும் நோயைச் சுமந்துகொண்டு ஊர் போய்ச் சேரவில்லை. அடுத்த வாரம் மற்ற வருட மாணவிகளும் வருகிறார்கள். விருந்தினர் இல்லத்தைக் கடைசிவரை தனியாகவே வைத்திருக்கலாம் என்று இந்தத் தடவை பதிவாளரே சொன்னார். நோய் மறுபடி வரலாம். வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று இப்போது எங்களுக்குத் தெரியும். அதனால் பொறுப்பை விடப்போவதில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்று. உங்களோடு அறையில் இருந்த சாய்பிரசாத் அண்ணன் மஸ்கட்டிலிருந்து ஊர் வந்து சேர்ந்துவிட்டார். விசாரிக்கப் போன் செய்தேன். கம்பெனி உங்கள் எல்லோரையும் வேலையிலிருந்து நிறுத்திவிட்டதைச் சொன்னார். நீங்கள் எதற்காக என்னிடம் சொல்லவில்லை என்று நான் கேட்கப்போவதில்லை. நீங்கள் வந்த பிறகும் கேட்கமாட்டேன்.

திருச்சிக்கு விமானம் விடுகிறார்களாம். வந்து இறங்கினால் கொஞ்ச நாள் தனியாக இருக்கச் சொல்வார்கள். வீட்டு மாடி அறையை நாளைக்கே கழுவிவிடப் போகிறேன். வேளாவேளைக்குச் சாப்பாடு வாசலுக்கு வந்துவிடும். நான் படியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பேன். அத்தைக்குச் செயின், ஸ்வர்ணாவுக்குச் சென்ட் என்று எதையும் தேடி அலையாதீர்கள். எப்படி இருக்கிறீர்களோ அப்படியே வாருங்கள்.

உங்கள்
ஹம்சவேணி