சுருக்கம் விடாத தண்டு

12-6-1972, திங்கள்

இன்று பட்டறையில் செல்வம் ஒரு தண்டைக் கெடுத்தான். முதலாளியின் அக்காள் மகன்; வேப்பூரிலிருந்து வந்தவன். என் மகன் சேகருக்காக நான் கேட்டு வைத்திருந்த அப்ரண்டிஸ் இடம் இவனுக்குத்தான் போனது.

பீங்கான் குழலில் துளை விழுவதற்காக அச்சின் நடுவே நிற்கும் தண்டு அது. சூளையில் மண் சுருங்கும். அதனால் தண்டைப் பருமனாகவே கடைய வேண்டும். பீங்கான் தொழில் நடக்கும் இந்த ஊரில் லேத்தைத் தொடுகிறவனுக்கு அதுதான் முதல் பாடம். அவனோ வெந்து வந்த சாம்பிள் குழலை அளந்து, அதே அளவுக்குக் கடைந்துகொண்டிருந்தான். போர்மேனாகிய நான் பின்னால் நின்று பார்த்தேன். ஒரு வார்த்தை போதும். சொல்லவில்லை. மெட்ராஸிலிருந்து வரவழைத்த எஃகு; இதோடு அவனைத் துரத்திவிடுவார்கள் என்று இருந்தேன்.

முதலாளி தண்டை வாங்கிப் பார்த்துச் சிரித்தார். "என்னா மாப்ள, மண்ணு சுருங்கும்னு வேப்பூர்ல யாரும் சொல்லலியா?" பிறகு என்னிடம், "நாளையிலேருந்து இவன் பக்கத்துலயே நில்லுங்க சார். உங்களாட்டம் படிச்சவங்க சொன்னாதான் ஏறும்" என்றார். நான் கெடுத்திருந்தால் அந்தச் சிரிப்பு வந்திருக்காது.

கை கழுவும்போது செல்வம் கேட்டான்: "நீங்க பாத்துக்கிட்டுதானே சார் நின்னீங்க?" குரலில் கோபம்கூட இல்லை. காதில் விழாதது போலச் சைக்கிளை எடுத்தேன்.

வீட்டில் சேகர் சாப்பிடாமல் காத்திருந்தான். "எடம் எதுனா காலியாவுதாப்பா?"

பார்க்கலாம் என்றேன். அவனுக்கென்று வைத்திருந்த தொழில் நுணுக்கத்தையெல்லாம் நாளை முதல் செல்வத்துக்குச் சொல்ல வேண்டும்.