மோசல் ஆறு வந்து கலக்கும் இடத்தில்

கருமாதி முடிந்த பிறகும் உயிரோடு வீடு வந்து சேர்ந்த என் அருமை அப்பாவுக்கு,

கப்பலில் இருந்து எழுதுகிறேன். கடல் கப்பல் இல்லை, ஆற்றுக் கப்பல். ஸ்விட்சர்லாந்தில் ஏற்றினார்கள். பிரான்சைத் தொட்டு, ஜெர்மனி வழியாகப் போய் நெதர்லாந்தில் இறக்கிவிடுவார்களாம். உங்கள் பேரன் குமார், "நீ ஒண்ணும் பேசாத, வாம்மா"ன்னு டிக்கெட் போட்டுவிட்டான். எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. அறையில் உட்கார்ந்தால் மேல்தளத்துக்குப் போகணும் போல இருக்கிறது. மேலே போனால் குளிர் தாங்காமல் கீழே ஓடி வருகிறேன்.

எங்களை மேய்க்க ஒரு பெண் இருக்கிறாள். கையில் மஞ்சள் குடை. அவள் இறங்கு என்றால் இறங்கணும், ஏறு என்றால் ஏறணும். ஒரு சர்ச் கோபுரத்தை நிமிர்ந்து பார்ப்பதற்குள் குடை அடுத்த தெருவுக்குப் போய்விடும். நீங்கள் இருந்தால் "இதுக்குப் பட்டாளமே தேவலாம்"ன்னு சொல்லியிருப்பீர்கள். இல்லை, சொல்லியிருக்க மாட்டீர்கள். பட்டாளத்தைப் பற்றி என்றைக்கு வாயைத் திறந்தீர்கள் நீங்கள்?

நாற்பதுகளில் நீங்கள் பட்டாளத்து லாரி ஓட்டப் போனது, பாலைவனத்தில் ஜெர்மன்காரனிடம் பிடிபட்டது, 'ஆள் போய்விட்டார்' என்று அரியலூருக்குத் தந்தி வந்தது, எல்லாமே அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அம்மாவின் தாலியை இறக்கி, கருமாதி சோற்றை ஊரே சாப்பிட்டுக் கை கழுவிவிட்டது. சண்டை ஓய்ந்ததும் நீங்கள் ரயிலைவிட்டு இறங்கி நடந்து வருகிறீர்கள்! பெரியவர்கள் உங்களை வாசலிலேயே மறித்துவிட்டார்களாம். "காரியம் முடிஞ்ச ஆளு தலவாசல் வழியா வரப்படாது"ன்னு கொல்லைப்பக்கமாகக் கூட்டிப்போய், தலையில் தண்ணீர் ஊற்றி, பச்சைப் பிள்ளைக்குச் செய்வதுபோல் காது குத்தி, பேர் வைத்து, பிள்ளையார் கோயிலில் அம்மாவுக்கு மறுபடியும் தாலி கட்ட வைத்தார்கள். அதற்கப்புறம் பிறந்தவள் நான். அம்மா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள்.

உங்களோடு போய், உங்களோடு பிடிபட்டவர் பாடாலூர் ராமசாமி மாமா. நீங்கள் வந்த கொஞ்ச நாளில் அவர் வீட்டுக்கும் அதே மாதிரி தந்தி வந்தது. அங்கே யாரும் அதை நம்பவில்லை. "தந்தி வந்தும் அரியலூர்க்காரரு வரலியா? அதுபோல இவரும் வருவாரு"ன்னு அத்தை பொட்டை அழிக்கவில்லை, காரியம் செய்யவும் விடவில்லை. பூவும் பொட்டுமாகவே போய்ச் சேர்ந்தாள். இப்போது அந்த வீட்டில் அவர்கள் மகள் செல்லம்மா அக்கா மட்டும் இருக்கிறாள்.

மாமா ஆற்றோடு போனதை நீங்கள் கண்ணால் பார்த்தவர். அதைப் பெரம்பலூர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோதுதானே என்னிடம் சொன்னீர்கள்! பிரான்சில் உங்களை அடைத்து வைத்திருந்த முகாம் மேல் குண்டு விழுந்து வேலி பிய்ந்துபோக, எல்லாரும் ஓடினீர்களாம். மோசல் என்ற ஆற்றில் இறங்கிக் கடக்கும்போது வெள்ளம் அவரை இழுத்துக்கொண்டு போய்விட்டதாம். "அந்தப் புள்ள செல்லம்மாகிட்ட நீ சொல்லிடு தாயி"ன்னு என் தலையில் கட்டிவிட்டுக் கண்ணை மூடிவிட்டீர்கள். நல்ல நியாயம்! பாடாலூர் பஸ்ஸில் ஏறும்போதெல்லாம் சொல்லிவிடணும் என்றுதான் போவேன். அக்கா முகத்தைப் பார்த்ததும் வேறு கதை பேசிவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவேன்.

கிளம்புவதற்கு முன்னால் அவளிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். "அந்தச் சீமைக்குத்தானே போற? எங்கப்பா இருந்த எடம் எப்புடி இருக்குன்னு பாத்துட்டு வா"ன்னாள். அதிலிருந்துதான் எனக்குத் தூக்கம் போச்சு.

இன்று மத்தியானம் கோப்லென்ஸ் என்று ஓர் ஊர் வந்தது. எல்லாரும் கரையில் நிற்கும் பெரிய குதிரைச் சிலையைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். குடைக்காரி மைக்கில் ஏதோ சொன்னாள். குமார் என் பக்கம் திரும்பி, "இதோ இன்னொரு ஆறு வந்து கலக்குது பாரும்மா. மோசலாம். பிரான்ஸ்லேர்ந்து வருதாம்"ன்னான்.

மாமாவைக் கொண்டுபோன ஆறு அப்பா இது. கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அழுகை வந்தது, உங்கள் மேல் கோபமும் வந்தது.

"பாடாலூர் பெரியம்மாவுக்குப் போன் போடுடா."

"இங்கேர்ந்தா?"

"இங்கேர்ந்துதான். போடு!"

அக்கா எடுத்ததும் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். லைன் அறுந்துவிட்டதோ என்று "அக்கா, அக்கா"ன்னு கத்தினேன்.

"தெரியும்டி"ன்னாள். "எங்கம்மாவுக்கும் தெரியும். ஊருக்கு வந்துட்டு உங்கப்பா மொதமொத எங்க வூட்டுக்கு வந்தாரே, அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு. எலையில சோத்தப் பெசஞ்சாரு, வாய்க்குக் கொண்டுபோக முடியல. அப்புடியே எந்திரிச்சிட்டாரு."

"அப்புறம் ஏன்க்கா அத்த பொட்டழிக்கல?"

"வருசா வருசம் பொங்கலுக்கு உங்கப்பா சேலையும் வளையலும் குங்குமமும் கொண்டாந்து வச்சாருல்ல? சொல்லணும்னுதான் வருவாரு பாவம். சொல்ல வாய் வராம அத வச்சிட்டுப் போயிடுவாரு. இது எனக்கு வேணாங்கன்னு எங்கம்மா எப்புடிடி சொல்லும்? 'ஒரு தடவ செத்துப் பொழச்சு வந்த மனுசன், அவர மறுக்கா நாம சாவடிக்கணுமா'ன்னு கேக்கும்."

உங்கள் முகம் வாடக் கூடாது என்று ஒரு பொம்பளை சாகிறவரைக்கும் பொட்டை அழிக்காமல் இருந்திருக்கிறாள். தெரியுமா அப்பா உங்களுக்கு? தெரிந்துதான் குங்குமம் வாங்கிப் போனீர்களா? யாரிடம் போய் இதைக் கேட்பேன் நான்?

போனை வைக்கும்போது அக்கா, "இனிமேலாச்சும் எங்கப்பாவுக்கு ரெண்டு கை தண்ணி எறைக்கலாமாடி?"ன்னு கேட்டாள். எண்பதைத் தாண்டிய மனுஷி, என்னிடம் அனுமதி கேட்கிறாள்.

ஊருக்கு வந்ததும் அவளைத் திருமானூர் கொள்ளிடக் கரைக்குக் கூட்டிப் போகிறேன். மாமாவுக்கு அவள் எள்ளும் தண்ணீரும் இறைக்கட்டும், நான் பக்கத்தில் நிற்கிறேன். மாமாவின் காரியச் சோறு பாடாலூர் வீட்டில்தான். உங்களுக்கும் ஓர் இலை போடச் சொல்கிறேன். வாங்க அப்பா. இந்தத் தடவை சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்திருக்கணும்.

கோபம் இன்னும் தீராத உங்கள் மூத்த மகள்,
காமாட்சி