வாரத்துக்கு ஓர் எழுத்து

ஜூன் 22

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் இருமல் விட்டதா? போனில் கேட்டால் "அதெல்லாம் ஒண்ணுமில்லடி" என்பாய், சொல்லும்போதே இருமுவாய். போனில் உன்னிடம் பேசினால் உன் மகள் என் மடியில் ஏறிக்கொண்டு காதைத் தீட்டிக்கொள்கிறாள். அவளைப் பற்றி அவளை வைத்துக்கொண்டே எப்படிப் பேசுவது? அதனால்தான் பேனாவை எடுத்துவிட்டேன்.

சுண்டு பள்ளிக்கூடம் சேர்ந்துவிட்டாள், என் வகுப்பிலேயே. நீ வெளிநாட்டு வேலைக்குப் போகும்போது என் கையில் கொடுத்தாயே, சுண்டெலி மாதிரி ஒன்று, அது இப்போது பையை மாட்டிக்கொண்டு எனக்கு முன்னால் நடக்கிறது. வகுப்பில் நான் மிஸ், வெளியே சித்தி என்று ஒப்பந்தம் போட்டிருந்தேன். முதல் நாளே எல்லார் முன்னாலும் "மிஸ் சித்தி, தண்ணி" என்றாள். இப்போது மொத்த வகுப்புக்கும் நான் மிஸ் சித்திதான். தலைமை ஆசிரியை முகத்தைச் சுளிக்கிறார்.

என் வகுப்பில் வாரத்துக்கு ஓர் எழுத்து. பலகையில் எழுதிக் காட்டுவது கடைசியில்தான். முதலில் சத்தம், பிறகு அந்தச் சத்தத்தில் தொடங்கும் பொருள். இந்த வாரம் 'அ'. வீட்டிலிருந்து 'அ'வில் தொடங்கும் ஒன்றைக் கொண்டு வரச் சொன்னேன். ஒருத்தி கை நிறைய அரிசி கொண்டுவந்து வகுப்பெல்லாம் இறைத்தாள். ஒருவன் வெறுங்கையை நீட்டி "அழுக்கு மிஸ்" என்றான், உண்மையாகவே இருந்தது. இன்னொருவன் இரண்டாம் வகுப்பிலிருந்து தன் அண்ணனையே இழுத்துக்கொண்டு வந்து நிறுத்திவிட்டான். அண்ணனுக்கு அப்போது கணக்குப் பாடமாம். போகவே மாட்டேன் என்று நின்றான். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்துவிட்டது.

வேளைக்குச் சாப்பிடு. பதில் போடு.

உன் தங்கை


ஜூலை 9

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்தைச் சாப்பாட்டு அறையில் படித்துத் தனியாகச் சிரித்தேன். கூட வேலை பார்க்கும் நர்ஸ் என்னவென்று கேட்டாள். அண்ணன் கதையை அவள் மொழியில் சொன்னேன். அந்த மொழியில் அண்ணன் 'அ'வில் தொடங்கவில்லையே! "சரி, அப்புறம்?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனாள்.

இங்கே முதியோர் இல்லத்தில் எனக்கு இப்போது எட்டுப் பேர். எட்டுப் பேருக்கும் ஊட்டி, துடைத்து, மாத்திரை கொடுத்து நிமிர்வதற்குள் பொழுது போய்விடுகிறது. யார் யாருக்கோ தலை சீவி விடுகிறேன், என் பெண்ணுக்கு நீ சீவுகிறாய். அவர் இருந்திருந்தால் இப்படி ஆகியிருக்காது. அதை விடு.

உன்மேல் ஒரு குறை. எல்லாப் பிள்ளையும் என்ன கொண்டு வந்தது என்று எழுதியவள், என் பெண் என்ன கொண்டு வந்தாள் என்று எழுதவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை நீ பாலை இறக்க உள்ளே போனாயே, அப்போது அவளிடமே கேட்டேன். "அம்மாவக் கொண்டு போனேன்" என்றாள். என் போட்டோவா? எந்தப் போட்டோ, பச்சை உடுப்பில் எடுத்ததா? மறுநாள் எட்டுக் கிழங்களிடமும் தனித்தனியாகச் சொன்னேன். காது கேட்காதவரிடம் கத்திச் சொன்னேன்.

இதையெல்லாம் முதலில் எழுத வேண்டாமா? கஞ்சம்டி நீ.

உன் அக்கா


ஜூலை 24

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இதை அனுப்பிவிடுவேன் என்று நினைக்கிறேன்.

போட்டோ இல்லை, அக்கா.

அவள் முறை வந்தபோது கையில் ஒன்றும் இல்லை. "என்ன கொண்டு வந்தே?" என்றேன். "அம்மா" என்றாள். "எங்கே?" என்றேன். எழுந்து வந்து என் விரலைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் பக்கம் திரும்பி நின்றாள். அண்ணனைக் கொண்டு வந்த பையன், "அது மிஸ்ஸு" என்றான். "ஸ்கூல்லதான் மிஸ்ஸு. வீட்ல அம்மா" என்று சண்டைக்குப் போனாள். நான் அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டுவிட்டேன். என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இன்னும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து உன் படத்தைக் காட்டி, "இவங்க யாரு?" என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை. "போன் அம்மா" என்றாள்.

நான் சொல்லிக் கொடுக்கவில்லை, சத்தியமாக. அவள் அப்படித்தான், சொல் கிடைக்காவிட்டால் தானாக ஒன்றைச் செய்துகொள்வாள். மின்விசிறிக்குக் 'காத்துப் பூ' என்று பெயர் வைத்திருக்கிறாள். பேச ஆரம்பித்ததிலிருந்தே என்னைச் சித்தி என்றுதான் கூப்பிடப் பழக்கியிருக்கிறேன். ஆனால் காய்ச்சல் வந்தால் அவள் வாயில் எது வருகிறதோ அதை நான் என்ன செய்ய முடியும்?

வருத்தப்படாதே. ஒரு மாதம் லீவு போட்டு வந்து கூட இரு. ஒட்டிக்கொள்வாள்.

உன் தங்கை


செப்டம்பர் 3

அன்புத் தங்கைக்கு,

பதில் போட நாளாகிவிட்டது. கோபம் என்று நினைத்திருப்பாய். ஞாயிற்றுக்கிழமைகளில் உன்னிடம் வெயில், மழை என்று மட்டும் பேசியதும் அதனால்தான் என்று நினைத்திருப்பாய். கோபம் இல்லை. யார்மேல் கோபப்படுவது?

முதியோர் இல்லத்தில் ஒரு பாட்டிக்கு நினைவு தப்பிவிட்டது. மகள் வந்தால் "யாரும்மா நீ?" என்பாள், என்னைப் பார்த்து "வந்துட்டியா மகளே" என்பாள். அந்த மகள் வெளியே போய் நின்று அழுதுவிட்டு வருவாள். இதுவரை அவளைப் பார்த்துப் பாவம் என்றுதான் நினைத்தேன். போன வாரம் அவள் அழும்போது நானும் கூட நின்று அழுதேன்.

சுண்டுவை அழைத்துக்கொள்ள முடிவு செய்துவிட்டேன். பகல் வேலைக்கு மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். ஒற்றை அறைதான், ஆனால் ஜன்னல் பெரியது. பக்கத்துத் தெருவிலேயே பள்ளிக்கூடம். டிசம்பரில் வருகிறேன். இன்னும் ஒரு வருஷம் விட்டால், நான் மாதாமாதம் பொம்மை அனுப்புகிற யாரோ ஒருத்தி ஆகிவிடுவேன்.

வந்த வரனையெல்லாம் நீ ஏன் தட்டிக் கழித்தாய் என்று எனக்குத் தெரியாது என்று நினைக்காதே. இத்தனைக்கும் நன்றி என்று எழுதினால் கடிதத்தை என் முகத்தில் விட்டெறிவாய். அதனால் எழுதவில்லை.

உன் அக்கா


அக்டோபர் 11

அன்புள்ள அக்காவுக்கு,

நீ எடுத்த முடிவு சரி. இதை எழுத ஒரு மாதம் ஆனதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளாதே.

அவளிடம் சொல்லிவிட்டேன். இந்த வாரம் வகுப்பில் 'ச'. வீட்டில் தலை துவட்டும்போது பேச்சை எடுத்தேன். "சித்தின்னா என்ன தெரியுமா? சின்ன அம்மா. உனக்குப் பெரிசா ஒரு அம்மா இருக்காங்க. நீ அவங்க வயித்துலதான் இருந்தே. அவங்க வந்து உன்னைக் கூட்டிட்டுப் போகப் போறாங்க."

கொஞ்ச நேரம் துண்டுக்குள்ளேயே இருந்தாள். பிறகு, "பெரிசு வந்தா சின்னது எங்க போகும்?" என்று கேட்டாள்.

"இங்கேயே இருக்கும்" என்றேன்.

"பெரிசும் இங்க இருக்கட்டுமே. நான் நகர்ந்து படுத்துக்கறேன்" என்றாள்.

அவளுக்குத் தூக்கம் வர நெற்றியிலிருந்து மூக்கு வரை ஒரு விரலால் தடவ வேண்டும். பால் ஆடை கண்டால் வாந்தி. இருட்டுக்குப் பயமில்லை, ஆனால் குழாய் சொட்டினால் பயப்படுவாள். அதட்டினால் அழமாட்டாள், வாயை மூடிக்கொள்வாள். அப்போது பக்கத்தில் சும்மா உட்கார்ந்திரு.

நீ வா. நான் அழமாட்டேன்.

உன் தங்கை


ஜனவரி 17

அன்புத் தங்கைக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தோம் என்று போனில் சொன்னேன். போனில் சொல்லாததை எழுதுகிறேன்.

அவள் பேசுவதில்லை. வந்த நாளிலிருந்து என்னிடம் தலையாட்டல்தான். பள்ளியிலும் அப்படித்தானாம். அந்த ஆசிரியை நல்ல பெண். "வீட்டு மொழியில் அவளோடு நிறையப் பேசுங்கள், அது ஊன்றினால்தான் இந்த மொழியும் பிடிக்கும்" என்றாள். நான் வாங்கி வைத்த படப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். "இது என்ன? இது என்ன?" என்று ஒவ்வொரு படமாகக் கேட்டேன். புத்தகத்தை மூடி என் கையில் கொடுத்துவிட்டு ஜன்னலுக்குப் போய்விட்டாள்.

நேற்று வேலையிலிருந்து வந்த களைப்பில் "வாயத் திறந்து பேசேன்டி!" என்று கத்திவிட்டேன். அவள் வாயைத் திறந்தாள், டாக்டரிடம் காட்டுகிற மாதிரி. அப்படியே திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். சத்தம் வரவில்லை.

எட்டுப் பேரைப் பார்த்துக்கொள்ளத் தெரிகிறது. பெற்ற பிள்ளையோடு பேசத் தெரியவில்லை. நீ எப்படிச் செய்தாய்? சொல்லிக் கொடு. நானும் உன் வகுப்பில் சேர்ந்துகொள்கிறேன்.

உன் அக்கா


பிப்ரவரி 2

அன்புள்ள அக்காவுக்கு,

அழாதே. முதலில் அந்தப் புத்தகத்தைப் பரண்மேல் போடு.

"இது என்ன?" என்று கேட்காதே. உனக்குத் தெரிந்ததையே கேட்கிறாய் என்று பிள்ளைகளுக்குத் தெரியும். நீயே சொல்லிக்கொண்டிரு, அவளுக்காக இல்லை, தனக்குத்தானே பேசுகிறவள் மாதிரி. 'ம'வில் தொடங்கு. உதட்டை ஒட்டிப் பிரித்தால் போதும், வாயை மூடி வைத்திருக்கும் பிள்ளைக்கு அதுதான் சுலபம். மழை பெய்தால் ஜன்னலில் அவளோடு நின்று "மழை" என்று சொல். மாவு பிசையும்போது ஒரு உருண்டை அவள் கையில் கொடு. அவள் சொல்ல வேண்டும் என்று முகத்தைப் பார்க்காதே. நடுநடுவே தப்பாகச் சொல். மூக்கைத் தொட்டு "முட்டை" என்று சொல்லிப் பார். தப்பைக் கண்டால் அவளுக்குப் பொறுக்காது.

ஒரு வாரம் முழுக்க ஒரே எழுத்து. அவசரப்பட்டு அடுத்ததுக்குத் தாவாதே.

ஞாயிற்றுக்கிழமை போனில் என்னிடம் நன்றாகத்தான் பேசுகிறாள். அதனால் பேச்சு எங்கேயும் போய்விடவில்லை, உள்ளேதான் இருக்கிறது. உன்னிடமும் வரும்.

இங்கே வீட்டில் சத்தமில்லை. சமைப்பதற்கே அலுப்பாக இருக்கிறது. மற்றபடி நலம்.

உன் தங்கை


மார்ச் 10

அன்புத் தங்கைக்கு,

நீ சொன்னபடியே செய்தேன். முதல் வாரக் கடைசியில் மூக்கைத் தொட்டு "முட்டை" என்றேன். "மூக்கு!" என்று கத்தினாள், கோபமாக. எனக்கு அந்தக் கோபத்தைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. இப்போது சொற்கள் ஒவ்வொன்றாக வருகின்றன. பள்ளியிலும் பக்கத்துப் பெண்ணோடு ஏதோ இரண்டு மொழியையும் கலந்து பேசுகிறாளாம்.

இனி எழுதப்போவதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நீ பேசி முடிக்கும்போது, "சரி கண்ணு, வரட்டுமா?" என்கிறாய். நாம் எல்லோரும் சொல்வதுதான். போனை வைத்ததும் அவள் ஷூ போட்டுக்கொண்டு கதவுப் பக்கம் உட்கார்ந்துகொள்கிறாள். முதலில் விளையாட்டு என்று நினைத்தேன். "எங்கடி கிளம்பிட்டே?" என்று கேட்டேன். "சித்தி வர்றேன்னு சொன்னாங்க" என்றாள். சாப்பாடு கதவுப் பக்கம், தூக்கமும் கதவுப் பக்கம். தூங்கின பிறகு ஷூவைக் கழற்றித் தூக்கிப் படுக்க வைக்கிறேன். திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. புதன்கிழமைதான் திரும்பி வருகிறாள்.

போன வாரம் லைன் கிடைக்கவில்லை, நீ பேசவில்லை. அன்று ஒழுங்காகச் சாப்பிட்டாள். திங்கள்கிழமை காலையில், நான் வேலைக்குக் கிளம்பும்போது, "அம்மா, என் சீப்பு எங்க?" என்று கேட்டாள். என்னைப் பார்த்து, அக்கம்பக்கம் வேறு யாரும் இல்லாதபோது.

நான் என்ன கேட்கிறேன் என்று உனக்குப் புரிந்திருக்கும். எழுதக் கை கூசுகிறது. கொஞ்ச காலத்துக்கு மட்டும்.

உன் அக்கா


மார்ச் 28

அன்புள்ள அக்காவுக்கு,

சரி.

அந்த ஒரு சொல்லோடு நிறுத்தியிருந்தால் நான் கோபமாக இருப்பதாக நினைப்பாய், அதனால் மேலே எழுதுகிறேன். கோபமில்லை. ஒரு சொல்லைச் சொன்னால் அதற்குரிய பொருள் கையில் இருக்க வேண்டும் என்று அவளுக்குப் பழக்கியவள் நான்தான். நான் வர்றேன் என்றேன், அவள் ஷூ போட்டுக்கொண்டாள். அவள்மேல் என்ன தப்பு?

கொஞ்ச காலம் என்று எழுதியிருக்கிறாய். கணக்கு வைத்துக்கொண்டு காத்திருந்தால் நானும் கதவுப் பக்கம் உட்கார்ந்தவள் ஆகிவிடுவேன். அதனால் காலம் எதுவும் குறிக்க வேண்டாம். அவள் வளர்ந்து, தானாக என்னைப் பற்றிக் கேட்டு, உன்னைவிட்டு ஓடாமல் கேட்கிற வயசு வந்தால் அன்று போனில் கூப்பிடு. வராவிட்டாலும் பரவாயில்லை.

கேட்டால் சித்திக்கு வேலை என்று சொல். உடம்பு சரியில்லை என்று சொல்லாதே, பயந்துகொள்வாள். சித்தி கோபமாக இருக்கிறாள் என்று மட்டும் எந்தக் காலத்திலும் சொல்லிவிடாதே.

புது மொழியில் அவள் சித்தியை என்னவென்று சொல்வாள் என்று யோசித்தேன். அங்கெல்லாம் அத்தைக்கும் சித்திக்கும் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கும் ஒரே சொல்தான் என்று நீ ஒரு தடவை சொன்ன நினைவு. நல்லது. அதையே பழகிக்கொள்ளட்டும். அதில் அம்மா இல்லை.

இந்தக் கடிதத்துக்குப் பதில் போடாதே, அக்கா. போட்டால் அவளைப் பற்றித்தான் எழுதுவாய். படித்தால் எனக்குக் கூப்பிடத் தோன்றும். உன் இருமலுக்கு மட்டும் டாக்டரைப் பார். அவளுக்கு இப்போது நீ ஒருத்திதான்.

உன் தங்கை