இரண்டு மூட்டைப் பல்லி

உதிர்ந்துபோன செங்கல் சுவரின் இடுக்குகளைச் சீமெந்தால் அடைப்பதா, சுண்ணாம்பால் அடைப்பதா என்ற சண்டையில், யாழ்ப்பாணத்துக்காரரான கணவர் குகனோடு நிரோஷினிக்கு இரண்டு நாளாகப் பேச்சில்லை. ஆனாலும் இன்று கண்டிக்கு வேலைக்குக் கிளம்பும்போது, சிரிப்பை அடக்கமுடியாமல் ஒரு சீட்டை எழுதி மேசையில் வைத்தாள்.

"என்னங்க, எழும்பினதும் சாப்பிடுங்க. ரொட்டியும் பருப்பும் மூடி வச்சிருக்கேன். பத்து மணிக்குச் சுவர் வேலைக்கு மேசன் பாஸ் வருவாரு, பின்கதவைத் திறந்து விடுங்க. பிளேன்டீ குடுங்க, சீனி ரெண்டு கரண்டி.

காலையில அவர் எனக்குப் போன் பண்ணி, 'உங்க வீட்டு மாத்தயா ரெண்டு மூட்டை பல்லி கொண்டுவரச் சொன்னாரே, எதுக்கு?'ன்னு கேட்டாரு. சிங்களத்துல சுண்ணாம்பு 'ஹுணு'ங்க. நீங்க சொன்னது 'ஹூனா'. அது பல்லி! சீமெந்துதான்னு அந்தக் குதி குதிச்சிட்டு, எனக்குத் தெரியாம இறங்கி வந்துட்டீங்களா?"

கீழே இடம் போதாமல் ஓரத்தில் நுணுக்கி எழுதினாள்.

"இடுக்குல நெஜமாவே பல்லி இருக்கு. அடைக்கிறதுக்கு முன்னாடி வெரட்டச் சொல்லுங்க. இல்ல, வேணாம், பாஸ்கிட்ட நீங்க சிங்களம் பேசாதீங்க. சாயந்தரம் என்கிட்ட தமிழ் பேசினாப் போதும்."