இயந்திரத்துக்கு என் மேல் சந்தேகம்

அன்புள்ள அம்மாவுக்கு,

கர்ட்டிஸ் எழுதுகிறேன். வர்ஜீனியாவில் சுகமாக இருக்கிறேன். நெப்ராஸ்காவில் பனி தொடங்கியிருக்கும். முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

இங்கே ஒரு வேடிக்கை. அரசாங்க ரகசியத்தை வெளியே கடத்தக்கூடிய ஊழியர்களை மோப்பம் பிடிக்கும் இயந்திரம் ஒன்றை என் குழு உருவாக்குகிறது. எங்கள் அலுவலகத்திலேயே ஓட்டிப் பார்த்தோம். முதலில் வந்த பெயர் என்னுடையது.

கூட வேலை செய்யும் லொரெய்ன் சிரித்தாள். "நீ வளத்த நாய் உன்னப் பாத்தே குரைக்குதேப்பா."

அவள்தான் ஏதோ விஷமம் செய்திருக்கிறாள் என்று நினைத்தேன். அவள் காபி வாங்கித் தந்தபோதுகூட எதற்கு என்று யோசித்தேன். இயந்திரத்துக்காக அவள் எழுதிய கணினி நிரலைத் துருவித் துருவிப் பார்த்தேன். பிழையே இல்லை. இவன் விடுப்பு எடுப்பதில்லை, விடுமுறையிலும் வருகிறான், இவனுக்கு யாரும் போன் செய்வதில்லை என்று காரணம் சொல்கிறது இயந்திரம்.

பயப்படாதீர்கள், வேலைக்கு ஆபத்தில்லை. கைபேசியை அலுவலக வாசலிலேயே பூட்டி வைத்துவிடுவோம் என்பதால், என் மேசைத் தொலைபேசி எண்ணைக் கடித உறையின் பின்னால் எழுதியிருக்கிறேன். தேங்க்ஸ்கிவிங் விடுமுறை அன்றும் இங்கேதான் இருப்பேன். ஒரு தடவை கூப்பிடுங்கள்.

கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது. பேச ஒன்றும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை அம்மா, மணி அடித்தாலே இயந்திரம் குறித்துக்கொள்ளும்.

கர்ட்டிஸ்