ஆறாயிரம் லிட்டர்

மார்ச் 11, செவ்வாய்

கடப்பாக்கம் இறால் குஞ்சுப் பண்ணையில் சேர்ந்து நான்கு மாதம். ஆறாம் தொட்டிக் குஞ்சுகளை வாங்கும் குளத்துக்காரருக்கு லிட்டருக்கு இருபது கிராம் உப்புள்ள தண்ணீர் வேண்டுமாம். தொட்டியில் இருப்பது நாலாயிரம் லிட்டர், லிட்டருக்கு முப்பது கிராம். நல்ல தண்ணீர் கலந்து குறைக்க வேண்டும். எவ்வளவு என்று பலகையில் எழுதிவிட்டு பஸ் பிடித்தேன். வேதியியல் பட்டதாரிக்கு இதெல்லாம் ஒரு கணக்கா!

மார்ச் 12, காலை

ஐந்து லட்சம் குஞ்சும் அடியில் வெள்ளையாகக் கிடக்கின்றன. உப்பு பார்த்தேன் — பன்னிரண்டு!

மேனேஜர் நரசிம்மன் சார், தண்ணீர் திறந்த பூங்கொடி அக்காவைப் பிடித்துக் கத்தினார். "பலகைல எழுதிகீறத தான் சார் வுட்டேன்" என்றார் அக்கா. பலகையைத் தீவன அளவு எழுதக் காலையிலேயே அழித்துவிட்டார்கள். என் கணக்கில் தப்பிருக்காது என்று நான் ஒதுங்கிக்கொண்டேன்.

மாலை, பஸ்ஸில்

4000 × 30 ÷ 20 = 6000. சரிதானே? மறுபடி போட்டேன். சரிதான்.

அய்யோ. ஆறாயிரம் என்பது கலந்த பிறகு இருக்க வேண்டிய மொத்தம். நாலாயிரம் ஏற்கெனவே தொட்டியில் இருக்கிறது. ஊற்ற வேண்டியது ரெண்டாயிரம்தான். கழிக்கவே இல்லையேடி, வைஷாலி!

மார்ச் 13

சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியும்?

மார்ச் 14

அக்காவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். கேட்டுக்குப் போனவர் திரும்பி என்னிடம் வந்தார். தெரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

"நான்தான் தப்பா பாத்துட்டனா, கண்ணு? ரெண்டு தான் வுடணுமாம், சார் சொன்னாரு. ரெண்டுன்னு எழுதிருந்தியா, ஆறுன்னா? பார்வ வேற மங்கலா கீது."

"தெரியலக்கா" என்றேன்.

தெரியலையாம். த்தூ. நான் ஒரு மனுஷியா?

மார்ச் 15

சார் அறை வாசலில் மூன்று முறை நின்று திரும்பினேன். நான்காவது முறை உள்ளே போய்ச் சொல்லிவிட்டேன். சார் நிமிர்ந்து பார்த்தார். "வெளியே உக்காரு" என்றார். அவ்வளவுதான்.

மார்ச் 24, திங்கள்

அக்காவைத் திரும்பக் கூப்பிட்டு, என்னையும் வேலையில் வைத்துக்கொண்டார்கள். என் கணக்கை இன்னொருவர் பார்க்காமல் வால்வு திறக்கக் கூடாது என்று உத்தரவு.

இன்று இரண்டாம் தொட்டி. பலகையில் எழுதினேன். பூங்கொடி அக்கா வால்வில் கை வைத்தபடி கேட்டார்: "இது மொத்தமா, ஊத்தறதா?"

"ஊத்தறதுக்கா."

"இன்னொரு தபா போடு. நான் பாக்கறேன்."

முதலிலிருந்து போட்டேன். கழிக்கிற இடம் வரும்வரை அக்கா வால்வைத் திறக்கவில்லை.